மூட்டைக்குள் ஒரு வயிறு: இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு ஊறுகாய்ப்புல்

ஐப்பசி, கார்த்திகையில் வரப்பெல்லாம் பச்சை. அறுத்துப் போட ஆள் போதாமல் முற்றி வீணாகும் புல்தான் அதிகம். பங்குனி பிறந்ததும் அதே வீட்டுக் கட்டுத்தறியில் நிலைமை தலைகீழாகிறது. வைக்கோலையும் சோளத்தட்டையும் மாடு வேண்டாவெறுப்பாக மெல்லுகிறது. பால் இறங்குகிறது. இறங்கிய பாலை ஏற்றுவதற்குத் தவிடும் புண்ணாக்கும் வாங்கிக் கையிருப்பு கரைகிறது.

மழைக்காலத்துப் பசுமையைக் கோடைக்குக் கொண்டுபோக இரண்டு வழிகள் உண்டு: காயவைப்பது, ஊறவைப்பது. வடகிழக்குப் பருவமழையில் புல்லைக் காயவைக்க முயன்றவர்களுக்கு அது என்ன ஆகும் என்று தெரியும். மிச்சமிருப்பது ஊறுகாய்ப்புல். தீவனக் கடைகளில் சைலேஜ் என்று கேட்டு வாங்குவதும் இதைத்தான். பெரிய பண்ணைக்காரர்கள் குழி வெட்டி, டிராக்டர் ஓட்டிச் செய்கிற காரியம் என்று சிறு விவசாயிகள் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டு கறவை மாடும் இருபது சென்ட் தீவனமும் உள்ளவர் மூட்டைகளிலேயே செய்துகொள்ளலாம். இந்த அத்தியாயம் அவருக்கானது.

தெரிந்திருக்க வேண்டிய அளவுக்கு மட்டும் அறிவியல்

இலை பகலெல்லாம் சர்க்கரை செய்கிறது. அதில் ஒரு பங்கு செடியின் அன்றாடச் செலவுக்குப் போகிறது. ஒரு பங்கு தண்டின் சுவரில் செல்லுலோஸாக இறுகுகிறது. கதிர் விட்ட பிறகு பெரும்பங்கு மணிக்குள் மாவுச்சத்தாகச் சேர்கிறது. மாடு தின்பதில் பாதிக்கு மேல் இந்தச் சுவர்தான். ஆனால் செல்லுலோஸை உடைக்கிற நொதி எதையும் மாட்டின் உடல் சுரப்பதில்லை.

அந்த வேலையைச் செய்வது பெருவயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். வளர்ந்த பசுவின் பெருவயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். உள்ளே வெப்பம் சுமார் 39 டிகிரி, காற்று இல்லை. ஒரு மில்லிலிட்டர் நீரில் ஆயிரம் கோடிக்கு மேற்பட்ட பாக்டீரியாக்கள். அவை தழையை நொதிக்கவைத்து அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்களாக மாற்றுகின்றன. பெருவயிற்றின் சுவர் அவற்றை உறிஞ்சிக்கொள்கிறது. மாட்டுக்குக் கிடைக்கும் ஆற்றலில் பெரும்பகுதி இந்த அமிலங்களிலிருந்து வருகிறது. பாலின் கொழுப்பு பெருமளவு அசிட்டிக் அமிலத்தின் வரவு. புரோப்பியானிக் அமிலத்தைக் கல்லீரல் குளுக்கோஸாக்க, அது மடியில் பால்சர்க்கரையாகிறது. கடைசியில் அந்தப் பாக்டீரியாக்களும் அடுத்த இரைப்பைகளுக்குத் தள்ளப்பட்டு மாட்டுக்குப் புரதமாகின்றன. தொட்டியில் கொட்டுவதை முதலில் தின்பவை நுண்ணுயிர்கள். மாடு தின்பது அவை விட்ட மிச்சத்தையும் அவற்றையும்.

ஊறுகாய்ப்புல் மூட்டையிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். காற்றில்லாத இடம், ஈரம், செடி சேர்த்துவைத்த சர்க்கரை, தழையில் இயல்பாகவே ஒட்டியிருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியா. இட்லி மாவைப் புளிக்கவைக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவைதான் இவையும். சர்க்கரையை அமிலமாக்கி, பிஎச் அளவை நான்கையொட்டி இறக்குகின்றன. அந்தப் புளிப்பில் அழுகவைக்கும் கிருமிகள் ஒடுங்குகின்றன. கடைசியில் புளிக்கவைத்தவையும் ஓய்ந்துவிடுகின்றன. தழை அப்படியே நிற்கிறது.

வேறுபாடு ஒன்றே ஒன்று. மூட்டையில் அமிலம் தேங்கவேண்டும். பெருவயிற்றில் தேங்கவே கூடாது. அங்கே சுவர் அமிலத்தை உறிஞ்சியபடியே இருக்கிறது. அசைபோடும்போது நாளொன்றுக்கு நூறு லிட்டரையும் தாண்டும் உமிழ்நீர் சோடாக்காரத்தைச் சுமந்து உள்ளே இறங்கி, புளிப்பை ஆற்றுகிறது. கீழே சொல்லும் விதிகளில் முதற்பாதி மூட்டையைச் சீக்கிரம் புளிக்கவைப்பதற்கு. பிற்பாதி வயிற்றைப் புளிக்கவிடாமல் காப்பதற்கு.

(பின்லாந்தின் உயிர்வேதியியலாளர் ஆர்த்துரி இல்மரி விர்த்தானென், பாக்டீரியா புளிக்கவைக்கும் வரை காத்திராமல் நீர்த்த அமிலத்தைத் தானே தெளித்துத் தீவனத்தைக் காத்தார். 1945ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்ததில் இந்தத் தீவனமுறைக்கு முக்கியப் பங்கு உண்டு. சர்க்கரை நிறைந்த மக்காச்சோளம் கைவசம் உள்ளவருக்கு அமிலம் தேவையில்லை.)

எதை அறுப்பது, எப்போது அறுப்பது

மக்காச்சோளம் முதல் தேர்வு. சர்க்கரையும் உண்டு, மணியில் மாவும் உண்டு. கூட எதையும் சேர்க்காமலே நன்றாகப் புளிக்கும். ஆப்பிரிக்கன் டால் போன்ற உயரமான தீவன ரகங்கள் நல்ல மகசூல் தருகின்றன. அறுவடை நாளை விதைத்த தேதியை வைத்து முடிவுசெய்யக் கூடாது. ஒரு கதிரை நடுவில் ஒடித்து மணியைப் பாருங்கள். மேல்பாதி மாவாக இறுகி, கீழ்ப்பாதியில் நகத்தால் கிள்ளினால் பால் கசிகிறதா? அன்று அறுக்கலாம். மணி முழுவதும் பாலாக இருந்தால் தண்ணீர் அதிகம், காத்திருக்க வேண்டும். முழுவதும் இறுகிவிட்டால் தாமதம்; தட்டை காய்ந்திருக்கும், மிதித்தாலும் அமுங்காது.

தீவனச் சோளம் இரண்டாவது. இதிலும் கதிர் பாலும் மாவுமாக இருக்கும் பருவமே சரி. இளஞ்சோளத்தில் ஹைட்ரோசயனிக் அமில நஞ்சு உண்டு. மழையின்றி முடங்கி நின்ற பயிரிலும், அறுத்த பிறகு துளிர்த்த குருத்திலும் அது இன்னும் அதிகம். ஊறவைப்பதில் நஞ்சு கணிசமாகக் குறையும் என்பது உண்மை. அதை நம்பி முடங்கிய பயிரை மூட்டை கட்டும் துணிச்சல் புதிதாகத் தொடங்குகிறவருக்கு வேண்டாம்.

கம்பு நேப்பியர், அதாவது கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ-4 போன்ற புல், பெரும்பாலோரிடம் இருக்கிறது. வளர்ச்சிக்குக் குறைவில்லை, நட்டு 75, 80 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. ஆனால் ஊறுகாய்க்கு இது கொஞ்சம் முரண்டுபிடிக்கும். தண்ணீர் மிக அதிகம், சர்க்கரை குறைவு. வாடவைத்து வெல்லம் சேர்த்தால்தான் சரிப்படும்.

அகத்தி, வேலிமசால், தட்டைப்பயறு ஆகியவற்றைத் தனியாக ஊறவைக்க வேண்டாம். புரதம் மிகுந்த தழை புளிப்பை எதிர்த்து நிற்கும். பிஎச் இறங்குவதற்குள் அழுகல் முந்திக்கொள்ளும். மக்காச்சோளத்தோடு ஐந்தில் ஒரு பங்குக்கு மிகாமல் கலக்கலாம். அதைவிட நல்லது, மரத்திலோ செடியிலோ விட்டுவைத்து அன்றன்றைக்குப் பச்சையாகவே பறித்துப் போடுவது.

*குறிப்பு:* வெயில் நாளில் பிற்பகலில் அறுங்கள். இரவில் செலவான சர்க்கரையைச் செடி பகலில்தான் மீட்டுக்கொள்கிறது. விடிகாலைத் தழையைவிட மாலைத் தழையில் சர்க்கரை கூடுதல்.

எத்தனை மூட்டை வேண்டும்?

சுமார் 400 கிலோ எடையுள்ள கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 15 கிலோ ஊறுகாய்ப்புல் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாடு, 90 நாள்: 2,700 கிலோ. புளிக்கும்போதும் எடுக்கும்போதும் கொஞ்சம் சேதாரம் உண்டு. ஆகவே 3,100 கிலோ பச்சையாக மூட்டை கட்ட வேண்டும். ஐம்பது கிலோ மூட்டையாக 62. ஏக்கருக்கு 16 டன் விளையும் மக்காச்சோளமானால் இருபது சென்ட் போதும்.

முதல் ஆண்டே அறுபத்திரண்டு மூட்டையையும் கட்டுவது உசிதமில்லை. பத்து மூட்டை கட்டிக் கை பழகட்டும்.

வேண்டிய பொருள்கள்

தீவனம் நறுக்கும் இயந்திரம் (வாடகைக்கும் கிடைக்கும்), ஓட்டையில்லாத தடித்த பாலித்தீன் உறைகள், அவற்றுக்கு மேல் போட நெய்த சாக்குகள், சணல் கயிறு, அகன்ற ஒட்டுநாடா, தார்ப்பாய், தராசு. நேப்பியருக்கு வெல்லமோ மொலாசஸோ கூடுதலாக வேண்டும். மூட்டைக்குப் பதில் மூடியும் இறுக்கும் வளையமும் உள்ள 200 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாயும் நன்றாக உதவும். நன்கு மிதித்தால் 100 முதல் 120 கிலோ வரை கொள்ளும், எலி கடிக்காது. பழைய பீப்பாய் வாங்கினால் முன்பு அதில் என்ன இருந்தது என்று விசாரித்தே வாங்க வேண்டும். பூச்சிமருந்தோ சாயப்பொருளோ இருந்த பீப்பாயை எத்தனை முறை கழுவினாலும் தீவனத்துக்கு ஆகாது.

செய்முறை

1. தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அறுங்கள். அடித்தண்டில் மண் ஒட்டியிருக்கும். மண்ணோடு வரும் கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியாதான் அழுகலுக்கு மூலகாரணம்.

2. நேப்பியரானால் வரப்பிலோ தார்ப்பாயிலோ பரப்பிச் சில மணி நேரம் வாடவிடுங்கள். மழைமூட்டம் காரணமாக வாடவில்லையென்றால் 100 கிலோ புல்லுக்குச் சுமார் 15 கிலோ நறுக்கிய வைக்கோல் கலந்தால் ஈரம் சமனாகும். சரியான பருவத்தில் அறுத்த மக்காச்சோளத்துக்கு வாடல் தேவையில்லை.

3. இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு நறுக்குங்கள். நீளமாக இருந்தால் இடையிடையே காற்று தங்கும். மிகப் பொடியாக்கினால் மாடு அசைபோட ஒன்றும் இருக்காது.

4. கைப்பிடிச் சோதனை. நறுக்கியதில் ஒரு பிடி அள்ளி, அரை நிமிடம் இறுகப் பிழிந்து கையைத் திறக்கவும். விரலிடுக்கில் சாறு வழிந்தால் ஈரம் அதிகம். மேலும் வாடவிட வேண்டும். உருண்டை மெதுவாக அவிழ்ந்து, உள்ளங்கை மட்டும் நனைந்திருந்தால் சரி. ஈரம் 65 முதல் 70 சதவீதத்தில் இருக்கிறது. கை திறந்ததுமே பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. கொஞ்சம் தண்ணீர் தெளிக்கலாம், அல்லது பச்சைப் புல் கலக்கலாம். இந்தச் சோதனையை மட்டும் யாரும் தாண்டிப்போகக் கூடாது. ஒரே வயலில் மேட்டுப்பகுதியும் பள்ளப்பகுதியும் வேறு வேறு ஈரத்தில் இருக்கும். ஒவ்வொரு குவியலுக்கும் தனித்தனியே பிழிந்து பார்ப்பது நல்லது.

5. நேப்பியருக்கு மட்டும், 100 கிலோவுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ வெல்லம். முடிந்தவரை குறைந்த தண்ணீரில் கரைத்து, தார்ப்பாயில் பரப்பிய தழைமீது பூவாளியால் தெளித்துப் புரட்டுங்கள். மூட்டையில் போட்ட பிறகு மேலே ஊற்றினால் மேலடுக்கு மட்டும் இனிக்கும், அடியில் அழுகும்.

6. உறையைச் சாக்குக்குள் பொருத்தி, ஒரு சாண் கனத்துக்குப் போட்டு மிதியுங்கள். ஓரங்களையும் மூலைகளையும் முதலில், நடுவைக் கடைசியில். கால் பதியாத அளவுக்கு அமுங்கிய பிறகே அடுத்த அடுக்கு. சுத்தமான வெறுங்காலால் மிதிப்பது நல்லது. செருப்பு உறையைக் கிழிக்கும்.

7. மேலே ஒரு சாண் இடம் விட்டு, உறையின் வாயைச் சேர்த்து, உள்ளிருக்கும் காற்றைக் கையால் அழுத்தி வெளியேற்றி முறுக்குங்கள். முறுக்கியதை மடக்கி இரண்டு இடத்தில் கட்டுங்கள். தொடங்கிய மூட்டையைச் சில மணி நேரத்துக்குள் மூடிவிட வேண்டும். அறுத்த தழை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. காற்று இருக்கும்வரை அது மூச்சுவிட்டு, பாக்டீரியாவுக்குச் சேர வேண்டிய சர்க்கரையை எரித்துச் சூடேறும்.

8. தேதி, பயிர், வயல் மூன்றையும் சாக்கின்மேல் எழுதுங்கள். பலகைமேல், நிழலில், காற்றோட்டமான கொட்டகையில் நிறுத்துங்கள். கிணற்றங்கரையில் வேண்டாம், கசியும் புளிப்புநீர் கிணற்றைக் கெடுக்கும்.

9. முதல் சில நாள்களில் மூட்டை உப்பும். பயந்து குத்திவிடக் கூடாது. பெரும்பாலும் கரியமில வாயுதான். வெளிக்காற்றைத் தள்ளிவைக்க அதுவே துணை.

10. வாரம் ஒருமுறை சுற்றிவந்து பாருங்கள். எலிக்கடி, கீறல் எதுவானாலும் கண்ட நாளிலேயே நாடா ஒட்டுங்கள். நாற்பத்தைந்து நாள் கழித்துத் திறக்கலாம். காற்றுப் புகாதவரை ஒரு வருடமும் இருக்கும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

முதல் நாள் பாதி மூட்டை, மறுநாள் மீதி என்று நிரப்புவது. நேற்றைய அடுக்கு இரவெல்லாம் சூடாகிச் சர்க்கரையை இழந்திருக்கும். எத்தனை மூட்டைக்கு ஆள் இருக்கிறதோ அவ்வளவு மட்டுமே அன்று அறுக்க வேண்டும்.

இன்னொன்று, பழைய யூரியா சாக்கைத் தனியாகப் பயன்படுத்துவது. நெய்த சாக்கில் காற்றுப் போகும். உள்ளுறை இல்லாவிட்டால் பூஞ்சைதான் மிஞ்சும். யூரியா என்றதும் வேறொரு எச்சரிக்கை: புரதம் கூட்டுவதற்கென்று ஊறுகாய்ப்புல்லில் யூரியா தூவுகிற வழக்கம் சில இடங்களில் உண்டு. அளவு பிசகினாலோ, ஒரே இடத்தில் திரண்டாலோ மாட்டைக் கொல்லும். வீட்டுமுறையில் அது தேவையே இல்லை.

உப்பு போடலாமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. நூறு கிலோவுக்கு அரைக்கிலோ போடலாம், மாடு ருசித்துத் தின்னும். ஆனால் கெடாமல் காப்பது உப்பு என்று எண்ணி மிதிப்பதில் கஞ்சத்தனம் காட்டினால் உப்பு காப்பாற்றாது.

பொறுமையின்மையும் தவறுகளில் சேரும். பத்தாம் நாள் ஒரு மூட்டையை அவிழ்த்து முகர்ந்துவிட்டுத் திரும்பக் கட்டுகிறார்கள். உள்ளே போன காற்றில் ஈஸ்ட்டும் பூஞ்சையும் எழுந்துவிடும். சோதிக்க வேண்டுமானால் ஒரு சிறிய மூட்டையைத் தனியாகக் கட்டி வைத்துக்கொள்ளலாம்.

பாதுகாப்பு: விட்டுக்கொடுக்கக் கூடாதவை

நறுக்கும் இயந்திரம் கை விரல்களைப் பறிக்கக்கூடியது. வேட்டியை மடித்துக் கட்டி, முந்தானையையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகி, கூந்தலைக் கொண்டை போட்ட பிறகே பக்கத்தில் போக வேண்டும். சிக்கிய தட்டையைக் கையால் தள்ளக் கூடாது. மரக்கட்டை வைத்துத் தள்ளலாம், அல்லது இயந்திரத்தை நிறுத்திச் சக்கரம் முழுதும் நின்ற பிறகு எடுக்கலாம். மழைக்காலத்து ஈரத் தரையில் மின்மோட்டார் ஓடுகிறது என்பதை மறக்கக் கூடாது. நில இணைப்பு இருக்கிறதா என்று மின்பணியாளரை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் தள்ளும்போது விசைப்பொத்தான் அருகில் இன்னொருவர் நிற்கட்டும். சிறுவர்கள் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

மூட்டையைவிடக் குழியில் ஆபத்து அதிகம். மூடிய முதல் இரண்டு மூன்று வாரங்களில் நைட்ரஜன் டை ஆக்சைடு எழலாம். மஞ்சளும் செம்பழுப்புமான நிறம், பிளீச்சிங் பவுடரை ஒத்த நெடி. காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளத்தில் தேங்கும். கரியமில வாயுவும் அங்கேயே தேங்கும், அதற்கு நிறமும் இல்லை நெடியும் இல்லை. ஆழக்குழிக்குள் தனியாக இறங்குவதும், விழுந்தவரைத் தூக்கப் பின்னாலேயே குதிப்பதும் ஒன்றுக்குமேல் உயிர்களைப் பறிக்கும். மூட்டைகளையும் ஆள் படுத்துறங்கும் அறையில் அடுக்கக் கூடாது.

யூரியா அள்ளிப்போட்ட பயிர், நீண்ட வறட்சிக்குப் பிறகு பெய்த மழையில் திடீரென்று எழும்போது நைட்ரேட்டைத் தண்டில் சேர்த்துவைக்கும். அப்படிப்பட்ட பயிரை ஒரு வாரம் பத்து நாள் விட்டு அறுப்பது நல்லது.

செத்த எலி, பாம்பு எதுவும் நறுக்கும் தழையோடு போய்விடக் கூடாது. அழுகும் உடலில் உருவாகும் பாட்டுலிசம் நஞ்சு மாட்டைப் படுக்கவைத்துக் கொன்றுவிடும்.

திறந்ததும் பார்க்க வேண்டியவை

நல்ல ஊறுகாய்ப்புல் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். இலையும் தண்டும் தனித்தனியாகத் தெரியும். இதமான புளிப்பு வாசம் வரும். கையில் தேய்த்தால் பிசுபிசுக்காது, வாசமும் கையில் நெடுநேரம் தங்காது. மருந்துக் கடையில் கிடைக்கும் பிஎச் தாளை, பிழிந்த சாற்றில் தோய்த்தால் 3.8 முதல் 4.2 வரை காட்ட வேண்டும்.

கெட்டுப்போன வெண்ணெய் நாற்றமும் கொழகொழப்பும் இருந்தால் கிளாஸ்ட்ரிடியத்தின் வேலை: ஈரம் அதிகம், அல்லது மண். கருகிய வெல்ல வாசமும் கரும்பழுப்பு நிறமும் இருந்தால் உள்ளே காற்றிருந்து சூடேறியிருக்கிறது. இதை மாடு ஆசையாகத் தின்னும் என்பதுதான் வேடிக்கை. சூட்டில் புரதம் சர்க்கரையோடு பிணைந்துபோய்ச் செரிக்காமலே சாணத்தோடு வெளியேறும். வெள்ளை, பச்சை, கறுப்பு என்று எந்த நிறப் பூஞ்சையானாலும் அந்தப் பகுதியையும் அதைச் சுற்றி ஒரு சாணும் எடுத்து எருக்குழியில் போடுங்கள். மூட்டை முழுக்கப் பரவியிருந்தால் மூட்டையே எருக்குழிக்கு. சினைமாட்டுக்கும் ஆட்டுக்கும் சந்தேகத்துக்குரியதைப் போடவே கூடாது. சரியாகப் புளிக்காத, மண் கலந்த தீவனத்தில் பெருகும் லிஸ்டீரியா கிருமி கருச்சிதைவு ஏற்படுத்தும்; ஆடுகளை மூளைநோயால் ஒரே பக்கமாகச் சுற்றவைக்கும்.

மாட்டுக்குப் பழக்குவது

புளித்த தீவனம் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களுக்குப் புதிது. எந்த வகைப் பாக்டீரியா பெருகும், எது குறையும் என்பதைத் தீவனம் தீர்மானிக்கிறது. அந்த மாற்றத்துக்கு இரண்டு வாரமாவது பிடிக்கும். ஒரே நாளில் 15 கிலோ கொட்டினால் அமிலம் சுவர் உறிஞ்சுவதை முந்திவிடும்.

1. முதல் மூன்று நாள்: இரண்டு மூன்று கிலோ, வழக்கமான பசுந்தீவனத்தோடு கலந்து.
2. முதல் வாரம் முடியும்வரை: ஐந்தாறு கிலோ.
3. இரண்டாம் வாரம்: பத்து கிலோ.
4. அதன் பிறகு 15 கிலோ, இரண்டு வேளையாகப் பிரித்து.

வைக்கோலை நிறுத்திவிடுவதுதான் இந்தக் கட்டத்தில் நடக்கும் பெரிய தவறு. அசைபோட வைப்பது நீளமான உலர்தீவனம், அசைபோட்டால்தான் உமிழ்நீர், உமிழ்நீர் இறங்கினால்தான் புளிப்பு ஆறும். நாளொன்றுக்குப் பத்து லிட்டர் கறக்கும் 400 கிலோ மாட்டுக்கு ஏறக்குறைய 12 கிலோ உலர்பொருள் வேண்டும். அதைப் பின்வருமாறு பிரித்துப் போடலாம்: ஊறுகாய்ப்புல் 15 கிலோ (உலர்ந்த கணக்கில் நாலரை), வைக்கோல் அல்லது சோளத்தட்டு 3 கிலோ, அகத்தியோ வேலிமசாலோ 5 கிலோ, அடர்தீவனம் 4 கிலோ. மக்காச்சோள ஊறுகாய்ப்புல்லில் புரதம் எட்டு சதவீதம் அளவுக்கே இருக்கும் என்பதால் அகத்தியைத் தவிர்க்க முடியாது. தாது உப்புக் கலவையும் நிறையத் தண்ணீரும் வழக்கம்போல.

கறந்த பிறகு போடுங்கள். கறவைக்குச் சற்று முன்னால் தின்றால் பாலில் புளிப்பு வாடை ஏறும். தொழுவத்தில் மூட்டை திறந்து கிடந்தாலும் ஏறும். மூன்று மாதத்துக்குட்பட்ட கன்றுகளுக்கு வேண்டாம். அவற்றின் பெருவயிறு இன்னும் முழுதாக உருவாகவில்லை. குடிக்கும் பால் அதைத் தாண்டி நேராக நான்காம் இரைப்பைக்குப் போய்க்கொண்டிருக்கும் வயது அது. வளர்ந்த ஆட்டுக்குச் சிறிய அளவில் தொடங்கலாம்.

திறந்த மூட்டையை இரண்டு நாளில் தீர்த்துவிட வேண்டும். நம் வெயிலில் மூன்றாம் நாள் உள்ளே கைவிட்டாலே சூடு தெரியும். அது ஈஸ்ட் விழித்துக்கொண்ட அடையாளம். அதனால்தான் இரண்டு மாட்டுக்காரருக்குக் குழியைவிட ஐம்பது கிலோ மூட்டை தோது: ஒரு மூட்டை இரண்டு நாளுக்குள் காலி. எடுத்ததும் வாயை மறுபடி முறுக்கிக் கட்டுங்கள். முந்தின வேளை மிச்சத்தைத் தொட்டியிலிருந்து வழித்தெடுத்த பிறகே புதியது.

வயிறு சரியாக நடக்கிறதா?

படுத்திருக்கும் மாட்டின் தாடையைப் பாருங்கள். தின்று முடித்து ஓய்வாக இருக்கும் வேளையில் அசைபோட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கவளம் மேலே வந்து மறுபடி இறங்கும்வரை எண்ணினால் ஐம்பது, அறுபது மெல்லல் இருக்கும். முப்பது நாற்பதிலேயே விழுங்கினால் நீளமான உலர்தீவனம் போதவில்லை, வைக்கோலைக் கூட்டுங்கள்.

தீனியில் மந்தம், அசைபோடுவது நின்றுபோதல், நுரைகலந்து நீர்த்த சாணத்தில் புளிப்பு நெடி என்று சேர்ந்து வந்தால் பெருவயிறு புளித்துக்கொண்டிருக்கிறது. ஊறுகாய்ப்புல்லையும் அடர்தீவனத்தையும் அன்றே நிறுத்தி, வைக்கோல் மட்டும் போட்டு, கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். சோடா உப்பைக் கரைத்து ஊற்றுகிற கைவைத்தியத்தில் தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போய்விடும் அபாயம் உண்டு. மருந்தை அவரே கொடுக்கட்டும். சோளத் தீவனம் தின்ற சிறிது நேரத்தில் மாடு மூச்சிரைத்து, நடுங்கி, தள்ளாடினால் அது வேறு அவசரம். சயனைடு நஞ்சுக்கு மாற்று ஊசி உண்டு, நிமிடக் கணக்கில் போட வேண்டும். மருத்துவரின் எண் தொழுவத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கட்டும்.

சாணத்தையும் காலால் கலைத்துப் பாருங்கள். முழு மக்காச்சோள மணிகள் அங்கங்கே தெரிந்தால் பயிரை முற்றவிட்டு அறுத்திருக்கிறீர்கள். உடையாத மணித்தோலுக்குள் பாக்டீரியாவால் நுழைய முடியவில்லை. இந்த முறைக்குச் செய்வதற்கு அதிகமில்லை, கைவசமுள்ள மூட்டைகளோடு அடர்தீவனத்தை அரைக்கிலோ கூட்டிச் சமாளிக்கலாம். அடுத்த போகத்தில் அறுவடையை ஒரு வாரம் முன்னுக்குக் கொண்டுவந்து, இயந்திரத்தின் கத்தியைத் தீட்டி, மணி நசுங்கும்படி நறுக்குங்கள்.